சான்றிதழ் பையிலிருந்து நைட் டியூட்டி வரை: நர்சிங் படிக்க வருபவர்களுக்கு

வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். இரவு பத்தரை மணிக்கு டாக்டர் போனில் இன்சுலின் அளவு சொன்னார். அவர் சொன்னது ‘சிக்ஸ்டீன்’. என் காதில் விழுந்தது ‘சிக்ஸ்டி’. சந்தேகம் வந்தது, ஆனால் திருப்பிக் கேட்கக் கூச்சம். ‘ஓகே சார்’ என்று போனை வைத்துவிட்டேன். மருந்தை எடுக்கப் போனால், சிவப்பு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்சில் 40 யூனிட்டுக்கு மேல் கோடே இல்லை. இரண்டாவது சிரிஞ்சைப் பிரித்தேன். பக்கத்தில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்த சீனியர் அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்: “எதுக்குடி ரெண்டு சிரிஞ்சு?”

டாக்டருக்குத் திரும்பப் போன் போட்டோம். பதினாறு.

நான்கு வருடம் படித்து, பரீட்சையெல்லாம் ஒரே தடவையில் தேறி வந்தவள் நான். ‘சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று சொல்ல மட்டும் பழகியிருக்கவில்லை. காகித வேலையிலும் இதே கதைதான். கேட்கக் கூச்சப்பட்டு இழந்த நாளும் பணமும் கொஞ்சநஞ்சமல்ல. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்துத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவளாக இதை எழுதுகிறேன். டிப்ளமோ படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கல்லூரி தேடும் முன் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் நான்கையும் மேசையில் பரப்பி வையுங்கள். நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு இருக்கிறதே, அது தனி. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக மாறியிருக்கும். படிக்கும்போது யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். படிப்பு முடிந்து நர்சிங் கவுன்சிலில் பதியும்போதும் வெளிநாட்டு விண்ணப்பத்திலும்தான் பூதம் கிளம்பும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பெயரே அடிப்படை என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை இப்போதே அதற்கு ஒத்தபடி திருத்திவிடுங்கள். ஆதார் திருத்தம் சில நாள் வேலை. பட்டம் வாங்கிய பிறகு பட்டத்தில் பெயர் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் விண்ணப்பிப்பது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு வழியாகத்தான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். தேர்வு முடிவு வந்தபின் இணையதளத்தை வாராவாரம் பாருங்கள். விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு, அதன்பின் காத்திருக்கும் மாதங்கள் அதிகம். அந்தக் காத்திருப்பில்தான் புரோக்கர்கள் வருவார்கள். ‘பக்கத்து மாநிலத்தில் சீட் ரெடி, முன்பணம் கட்டினால் போதும்’ என்பார்கள். பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தக் கல்லூரி இந்த ஆண்டுக்கு இருக்கிறதா, அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, பல்கலைக்கழக இணைப்பு உண்டா. தமிழ்நாட்டில் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய சான்றிதழை நம்பாதீர்கள்.

நான்காவது ஒன்று இருக்கிறது. வார்டு பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அது எத்தனை படுக்கை, எவ்வளவு தூரம், பஸ் யார் செலவு என்று கேளுங்கள். நோயாளி கூட்டம் இல்லாத மருத்துவமனையில் பயிற்சி எடுத்தால், முதல் வென்ஃப்ளானை (டிரிப்ஸ் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சின்னக் குழாய்) வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் போடுவீர்கள்.

2. செலவைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்

கல்விக் கட்டணம் மட்டும் செலவு இல்லை. சீருடை, ஷூ, ஸ்டெதாஸ்கோப், ரெக்கார்டு நோட்டுகள், பரீட்சைக் கட்டணம், கிராமப் பயிற்சிக்குப் போக வர ஆகும் செலவு, சீனியர்கள் கேட்கும் விழாச் சந்தா என்று வந்துகொண்டே இருக்கும். என் முதல் வருடத்தில் கட்டணம், ஹாஸ்டல் போக இப்படி மட்டுமே ஏறக்குறைய 20 ஆயிரம் ஆனது. வீட்டில் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது, அது சங்கடம். நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்தெந்தத் தலைப்பில் என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். வங்கிக் கல்விக்கடனுக்கும் அதே தாள்தான் தேவைப்படும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அப்பா பெயரில் இருந்தால் வராது.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி கேட்டால் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து செட் ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். எல்லாம் ஓடிவிடும்.

3. முதல் மாதமே ஹெபடைடிஸ்-பி ஊசி

ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி இது. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், நீங்கள்தான் அவசரப்பட வேண்டும். மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவது போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு பாருங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் வேலைக்குச் சேரும் இடத்தில் கேட்பார்கள். குழந்தையில் போட்டதுதானே என்று என் தோழி ஒருத்தி விட்டுவிட்டாள். இரண்டாம் வருடம், நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்தியபோது அவள் பட்ட பயம் வேண்டாம்.

4. வார்டில் முதல் நாள்

பையில் வினாடி முள் உள்ள கடிகாரம், நீலம் சிவப்பு இரண்டு பேனா, கத்தரிக்கோல், சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. போன் அல்ல, நோட்டு. போனை எடுத்தால் விளையாடுகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். நோயாளியைப் படம் எடுக்கவே கூடாது, தோழிகள் குரூப்பில் போடக்கூட.

உள்ளே போனதும் வார்டு சிஸ்டரிடம் பெயர், எந்த வருடம், இன்றைக்கு என்ன செய்ய அனுமதி என்று சொல்லுங்கள். பலரும் மூலையில் கூட்டமாக நிற்பார்கள். எட்டுப் பேர் சுவரோரம் நின்றால் எந்தச் சிஸ்டருக்கும் எரிச்சல்தான் வரும்.

அதன்பின் ஆயா அக்காவிடம் போங்கள். பெட்பேன் எங்கே, லினன் எங்கே, ஆக்சிஜன் சிலிண்டர் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரை ‘அக்கா’ என்று கூப்பிட்டு உதவி கேட்கும் மாணவிக்கும், ‘ஏய் ஆயா’ என்று அதட்டும் மாணவிக்கும் வார்டு நடத்தும் பாடம் வேறு வேறு. ஒருநாள் நூறு கிலோ இருக்கும் நோயாளியைத் தனியாகப் புரட்ட வேண்டியிருக்கும், அப்போது தெரியும்.

எமர்ஜென்சி ட்ராலியின் எந்த இழுப்பறையில் எது இருக்கிறது என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். சக்‌ஷன் (சளி உறிஞ்சும் கருவி) ஓடுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். கை கழுவுவதில் அவசரம் கூடாது: ஸ்பிரிட் கலந்த திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. ‘இதெல்லாம் தெரியாதா?’ என்று யாராவது கேட்டால் ‘தெரியாது, காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். முதல் வருடத்தில் அந்தப் பதிலுக்கு விலை ஒரு திட்டு. வேலைக்கு வந்தபின் அதே பதில் வாயில் வரவே வராது.

5. ரெக்கார்டும் வருகைப் பதிவும்

பரீட்சை எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, பட்டம் வாங்குவதற்கு முன் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும் என்பது. அக்கா கல்யாணத்துக்கு எடுத்த நான்கு நாள் லீவை நான்காம் வருடக் கடைசியில், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நான் தனியாக வார்டில் ஈடு கட்டினேன். விடுபட்ட நாட்களை அந்தந்தச் செமஸ்டர் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.

செய்த வேலைகளைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்து அன்றன்றைக்கே. பிரசவம் பார்த்த கணக்கை மட்டும் மாதக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டால், அந்தச் சிஸ்டர் மாற்றலாகிப் போயிருப்பார். கேஸ் ஸ்டடியைச் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ‘உங்கள் நோயாளிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்?’ என்று கேட்டால் மூன்று வருடத்துக்கு முன் டிஸ்சார்ஜ் ஆனவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

6. சீனியர், ஜூனியர், கூட்டாளி

வார்டில் சத்தமாகத் திட்டுவது நம் நர்சிங்கில் ஒரு வியாதி. ‘நாங்களும் இப்படித்தான் கற்றோம்’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் திட்டுக்குள் இருக்கும் விஷயத்தைத் தனியாகப் பிரித்து எடுங்கள். ‘கண்ணு எங்க வெச்சிருக்க, டிரிப்ஸ் ஓடலை பாரு’ என்றால், டிரிப்ஸைப் பாருங்கள். முதல் பாதிக்கு ராத்திரி அழுதுகொள்ளலாம், நானும் அழுதிருக்கிறேன்.

வேலை சம்பந்தமில்லாமல் துணி துவைக்கச் சொல்வது, ராத்திரி முழுக்க நிற்க வைப்பது, பணம் பிடுங்குவது எல்லாம் ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் உண்டு. தேசிய உதவி எண் 1800-180-5522. கல்லூரியிடம் சொல்வதைக் கடிதமாக, தேதியோடு சொல்லுங்கள்.

குழுவில் வேலை பிரிக்கும்போது ஒரு பிரச்சினை வரும். ஒருத்தி ஊசி, டிரெஸ்ஸிங் என்று பார்வைக்குத் தெரியும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வாள், இன்னொருத்திக்கு எப்போதும் பெட்டும் குளியலும். காலையிலேயே படுக்கை எண்ணைப் பிரித்துக்கொண்டு, அந்தப் படுக்கைக்கு எல்லா வேலையும் ஒருவரே என்று வைத்துக்கொண்டால் இந்தச் சண்டை பாதி குறையும். குளிப்பாட்டும்போதுதான் முதுகில் தொடங்கும் படுக்கைப்புண் கண்ணில் படும். ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போகிறவளுக்கு அது தெரியாது.

7. ஓவர் கொடுப்பது, டாக்டரைக் கூப்பிடுவது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பதுதான் ஓவர். ஓவர் எடுக்கும்போது நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள். படுக்கைக்குப் படுக்கை நடந்து, டிரிப்ஸில் என்ன மிச்சம், யூரின் பையில் எவ்வளவு, வென்ஃப்ளான் வீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். போகிற சிஸ்டர் பஸ்ஸுக்கு அவசரப்படுவார். நீங்கள் அவசரப்பட்டால், அவர் விட்ட வேலை உங்கள் பெயரில் ஏறிவிடும்.

டாக்டருக்குப் போன் போடும் முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சார், பேஷண்ட்டுக்கு ஒரு மாதிரி இருக்கு சார்’ என்று நான் ஒருமுறை சொல்லி வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. சொல்ல வேண்டியது இப்படி:

“சார், சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். 12ஆம் பெட், 58 வயசு, நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர். பத்து மணிக்கு பி.பி. 120-80, இப்ப 90-60. பல்ஸ் 118. நாலு மணி நேரத்துல யூரின் 60 மில்லிதான். டிரெஸ்ஸிங் நனைஞ்சிருக்கு. பிளீடிங்கா இருக்குமோன்னு சந்தேகம். நீங்க வந்து பாக்கணும் சார்.”

யார், எங்கிருந்து, இப்போது என்ன, முன்னால் என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். கடைசி இரண்டையும் சொல்லப் புதியவர்களுக்குத் துணிவு வராது. சொல்லுங்கள். தவறாக இருந்தால் டாக்டர் திருத்துவார்.

அவர் மருந்து சொன்னால், எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, ‘சரிதானே சார்’ என்று கேளுங்கள். எண்களைத் தமிழில் திருப்பிச் சொல்வது எனக்குக் கைகொடுத்த வழி. சிக்ஸ்டீனும் சிக்ஸ்டியும் காதில் குழம்பும், பதினாறும் அறுபதும் குழம்பவே குழம்பாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ‘ஒன், சிக்ஸ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். அவர் வார்டுக்கு வந்ததும் அந்த உத்தரவில் கையெழுத்து வாங்குங்கள்.

இன்சுலின் பற்றி இன்னொரு பொறி. சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள பாட்டிலுக்கு. மாற்றி எடுத்தால், 100 யூனிட் மருந்து சிவப்பு சிரிஞ்சில் இரண்டரை மடங்கு போய்விடும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் இன்னொருவர் கண் படாமல் கொடுக்காதீர்கள். 

தவறு நடந்துவிட்டால்? நோயாளியைப் பாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், வார்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள், எழுதுங்கள். இந்த வரிசையில், அடுத்த சில நிமிடங்களுக்குள். சார்ட்டில் அடித்துத் திருத்தவோ வொயிட்னர் பூசவோ கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்தும் நேரமும் வையுங்கள்.

8. ஊசி குத்திவிட்டால்

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், பெரும்பாலும் குத்துவது அப்போதுதான். ஊசி வெள்ளை நிறக் குத்தாத டப்பாவுக்கு, டியூபும் பிளாஸ்டிக் சிரிஞ்சும் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு, கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்துக்கு.

குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழியாதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். டியூட்டி முடிந்து சொல்லலாம், திட்டுவார்களே என்று தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய பொறி.

9. நைட் டியூட்டியும் அட்டெண்டர்களும்

நைட்டுக்கு முன் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். பரோட்டா வேண்டாம், இட்லி போதும். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரைதான் கண் செருகும் நேரம். அப்போது உட்காராமல் வைட்டல்ஸ் (பி.பி., பல்ஸ், காய்ச்சல்) எடுக்க ஒரு சுற்றுப் போங்கள். டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம்.

அட்டெண்டர்கள், அதாவது நோயாளியோடு இருக்கும் உறவினர்கள், கத்துவது பெரும்பாலும் பயத்தில். ‘டாக்டர் வருவார்’ என்று பத்துத் தடவை சொல்வதைவிட, ‘போன் பண்ணிட்டேன்ணே, ஆபரேஷன்ல இருக்காரு, அரை மணி ஆகும், அதுவரைக்கும் நான் பி.பி. பாத்துட்டே இருக்கேன்’ என்று ஒரு தடவை சொல்வது நிற்கும். சொன்னபடி போய்ப் பார்க்கவும் வேண்டும். கை ஓங்கினால் விவாதிக்காமல் விலகி, செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 சட்டம் இருக்கிறது, நர்ஸ்களும் அதில் அடக்கம். தனியாக நின்று சமாளிக்கும் வீரம் தேவையில்லை.

10. படிப்பு முடிந்ததும்: பதிவு, வேலை, கையெழுத்து

முடிவு வந்த வாரமே தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவுக்கான வேலையைத் தொடங்குங்கள். மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டம், படிப்பு முடித்த சான்று, வயதுக்குப் பத்தாம் வகுப்புப் பட்டியல், ஆதார், போட்டோ தயாராக இருக்கட்டும். கட்டணத்தைக் கவுன்சில் இணையதளத்தில் பார்த்தே கட்டுங்கள், ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டு எண்ணும் வாங்குங்கள். பதிவு இல்லாதவரை ‘ட்ரெயினி’ என்று பாதிச் சம்பளத்தில் வைத்திருக்கப் பல இடங்களுக்கு வசதி.

வேலையில் சேரும்போது பணி ஆணையில் சம்பளம், டியூட்டி நேரம், பி.எஃப்., நோட்டீஸ் காலம் எல்லாம் எழுதியிருக்கிறதா பாருங்கள். நான் சேர்ந்த முதல் இடத்தில் இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட், கூடவே அசல் சான்றிதழையும் கேட்டார்கள். ‘எல்லோரும் கொடுக்கிறார்கள்’ என்றார்கள், கொடுத்தேன். ஒன்பது மாதத்தில் வேறு வேலை கிடைத்தபோது அதைத் திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தேன். சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

சம்பளம் பேசும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்கட்டும். உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாக என்றும் பரிந்துரைத்தது. நடைமுறையில் பல இடங்களில் அது இல்லை. ஆனாலும் கேட்பதற்கு ஓர் அளவுகோல். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். தேர்வில் தமிழ்த் தாள் கட்டாயம் என்பதையும் மறக்காதீர்கள்.

வேலையை விடும்போது, கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே அனுபவச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த வார்டில் எத்தனை மாதம், மருத்துவமனையில் எத்தனை படுக்கை, முழுநேரமா என்பது எல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது படுக்கை எண்ணிக்கையையும் கேட்பார்கள். என் முதல் சான்றிதழில் அது இல்லை. பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், நான் இருந்தபோது இல்லாத புது மேட்ரனிடம் (நர்ஸ்களுக்குத் தலைவர்), என்னை யாரென்று விளக்கி, அந்த ஒரு வரியைச் சேர்த்து வாங்க நான்கு நடை ஆனது.